எண் இல்லாத அழைப்பு

"யாரைக் கேட்டு எடுத்துட்டுப் போனீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"அடுப்புன்னா எல்லாம் ஒரே அடுப்புதானேன்னு..."

"யாரைக் கேட்டு?"

"இருபத்தாறு வருஷமா அடுப்பு முன்னாடி நிக்கிறேன். எனக்குத் தெரியாத சூடா..."

"உங்களுக்கு ரொட்டி தெரியும். ரொட்டி மட்டும்தான் தெரியும்."

"நேத்து பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதியே, அது எனக்குக் கேக்கலைன்னு நினைச்சியா?"

அந்த ஒரு வரிக்குத்தான் அவள் கணவனை விட்டு மேசைப் பக்கம் திரும்பினாள்.

சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு மாவுச் சாக்கு விரித்துக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு காது, ஒரு மூக்கு, தாடையிலிருந்து ஒரு சில்லு, கோணிப்போன இரும்புக் கம்பி. மற்றதெல்லாம் தூள். அன்று காலை வரைக்கும் அது ஒரு கிழவரின் தலை. ஏழு மாதமாகப் பாத்ரூமில், வாஷ்பேசினுக்குப் பக்கத்தில், முக்காலியின் மேல் ஈரத்துணி போர்த்தி உட்கார்ந்திருந்த களிமண் தலை.

வீட்டில் அதற்கு வேறு இடம் கிடையாது. இருப்பது இரண்டு அறை. ஒன்றில் கணவனும் மனைவியும். இன்னொன்றில் அவனுடைய அக்கா, முழங்கால் வலியும் ரேடியோவுமாக. குளிக்கப் போகும்போதெல்லாம் அக்கா தலையின் மேல் இன்னொரு துண்டைப் போட்டு முகத்தை மூடிவிடுவாள். இந்த வயதில் ஒருத்தன் முறைத்துப் பார்க்க நான் குளிக்க வேண்டியிருக்கிறது என்று புலம்புவாள். புலம்பினாளே தவிர, அதை வெளியே எடு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அவள்தான் மெதுவாக வந்து, சாக்கிலிருந்து மூக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மூக்கு முழுசா இருக்கும்மா. இதை வெச்சு மிச்சத்தைச் செஞ்சுட முடியாதா?"

"அண்ணி, அதைக் கீழ வைங்க."

அக்கா மூக்கைக் கீழே வைத்தாள். எங்கிருந்து எடுத்தாளோ அதே இடத்தில், மூக்கு இருக்க வேண்டிய திசையில்.

நடந்தது இதுதான். அவன் ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்ப்பவன். புதன்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவள் சொன்னது ஒரே வாக்கியம்: இன்றைக்குச் சுட்டிருக்க வேண்டும், லீவு கிடைக்கவில்லை. அதற்கு மேல் அவன் கேட்டதற்கு நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள். பிறகுதான் அந்தக் குழாய்ச் சத்தம். அவன் யோசித்தான். எல்லாம் முடிந்துவிட்டது, சுடுவது ஒன்றுதான் பாக்கி, சுடுவது என் தொழில். வியாழக்கிழமை விடியற்காலையில் தலையை மாவுச் சாக்கில் சுற்றி, சைக்கிளின் முன்கூடையில் வைத்துக் கொண்டுபோனான். இரண்டாவது ஈடு ரொட்டியோடு அதையும் உள்ளே தள்ளி, கதவை மூடி, சந்தோஷமாக டீ குடிக்கப் போனான்.

அவனுக்குத் தெரியாதது இது. களிமண் தலையைச் சுடுவதற்கு முன்னால் உச்சியைத் தொப்பி மாதிரி வெட்டி எடுத்து, உள்ளே குடைந்து, கம்பியை உருவி, சுவரை விரல் கனத்துக்குக் கொண்டுவந்து, தொப்பியைத் திரும்ப ஒட்டி, நாள்கணக்கில் உலர விட வேண்டும். குடையாத ஈரத்தலை சூட்டில் வெடிக்கும். வெடித்தது. அடுப்பின் உள்தளம் விரிசல் விட்டது. கதவின் கண்ணாடி போனது. நாற்பது ரொட்டியிலும் மண் சில்லு குத்தி நின்றது. முதலாளி ஒரு ரொட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, அதிலிருந்து காதை உருவி அவனிடம் கொடுத்து, அடுப்பு சரியாகும் வரை வர வேண்டாம், சரியான பிறகு கூப்பிடுவேனா என்று இப்போது சொல்ல மாட்டேன் என்றாராம். அவன் புருவத்தில் ஒரு தீக்காயம். அதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"குடையணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?"

"குடைய எனக்கு ஒரு பகல் வேணும். அந்தப் பகல் எனக்குக் கிடைக்கலை. கிடைச்சிருந்தா உங்ககிட்ட சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது."

"அதைத்தான் நானும் சொல்றேன். சொல்லலை."

"இனிமே என்னைக் கேக்காம எதையும் செய்யாதீங்க. எதையும். ஒரு துணியைக்கூட நனைக்காதீங்க."

அவன் சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பிற்பாடு அவள் பல தடவை நினைத்துப் பார்த்தாள்.

அவளுடைய வேலை கேட்பது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்த்துத் தரும் நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில், கீழ்மாடியில் அறுபது பேர் பேசுவார்கள். மேல்மாடியில் நான்கு பேர் அந்தப் பேச்சின் பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் பதினெட்டுக் கட்டம். இருபது வினாடிக்குள் வணக்கம் சொன்னாரா. வருந்துகிறோம் என்று சொன்னாரா. குரலில் புன்னகை இருந்ததா. வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் கிடைத்ததா. பதினொரு வருஷமாக இதற்கு டிக் போட்டுக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு வரும்போது காது நிறைந்து வழியும். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும், நல்லவிதமாகக் கேட்டாலும், அவள் வாயில் வருவது நாளைக்குச் சொல்றேன் என்பதுதான்.

நான்கு பேரில் அவளுக்கென்று ஒரு தனிப் பங்கு உண்டு: எண் இல்லாத அழைப்புகள். கூப்பிடுகிறவர் எட்டு இலக்க வாடிக்கையாளர் எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கீழே இருப்பவர் மூன்று முறை கேட்டு, மன்னிப்புக் கேட்டு, இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அப்படித் துண்டித்தவை எல்லாம் நேராக அவளுடைய வரிசைக்கு வரும். தப்பாகக் கூப்பிட்டவர்கள், குடித்துவிட்டுக் கூப்பிட்டவர்கள், பேசுவதற்கு ஆளில்லாமல் கூப்பிட்டவர்கள். அதில் ஒரு கிழவர் வாரம் ஒருமுறை கூப்பிடுவார். ஃபிரிட்ஜ் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார். "இருக்கீங்களா?" என்பார். எண் கேட்டால் பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சிலிருந்துதான் அவள் அந்தத் தலையைச் செய்தாள். தளர்ந்த தாடை, பெரிய காது, எதையோ கேட்பதற்காகக் கொஞ்சம் சாய்ந்த கழுத்து. அந்த நான்கு அடி பாத்ரூமில், காலை ஆறிலிருந்து ஏழு வரை, ஒரு நாளில் அவள் மனுஷியாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

உள்ளே போகும்போதே ஃபோனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவசரம் என்றால் உன்னை எப்படிப் பிடிப்பது என்று கணவன் ஒருநாள் கேட்டான். அன்றைக்கு அவள் நல்ல மனநிலையில் இருந்தாள்.

"எங்க நம்பருக்கே அடிங்க. ஆனா எண்ணை மட்டும் சொல்லிடாதீங்க. மூணு தடவை கேப்பாங்க. அதுக்குள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க. ஒரு மணி நேரத்துல என் காதுக்கு வந்துடும்."

"அப்போ நீ எனக்கு மார்க் போடுவியா?"

"உங்களுக்கு இல்ல. உங்ககிட்ட மாட்டிக்கிட்ட பொண்ணுக்கு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அந்த வருஷத்தில் அதுதான் கடைசி என்று சொன்னாலும் தப்பில்லை.

நகரத்தின் மறுகோடியில் ஒரு சிற்பப் பட்டறை இருந்தது. அதை நடத்தும் அம்மா வருஷத்துக்கு ஒரே ஓர் ஆளை உள்ளே எடுப்பார். ஒரு மேசை, ஒரு சாவி, சூளையில் ஓர் இடம், ஒரு வருஷத்துக்கு அதன் செலவு. சாயங்காலமும் வரலாம், ஞாயிற்றுக்கிழமையும் வரலாம். கேட்பது ஒரு தலை, சுட்டது. நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு வருகிற மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. கடைசி நாள் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. இது அவளுக்குப் பொழுதுபோக்கு என்று அலுவலகத்தில் சிலர் நினைத்தார்கள். அந்த மேசை கிடைக்காவிட்டால் மிச்சம் இருக்கிற காலம் முழுவதும் பிறர் குரலில் புன்னகை இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போய்ச்சேர்ந்துவிடுவோம் என்று அவள் நினைத்தாள்.

தலையைக் குடைவதற்கு ஒரு நாள், சூளைக்குக் கொண்டுபோக ஒரு நாள். இந்த இரண்டு நாளுக்காக அவள் மூன்று வாரம் மேற்பார்வையாளரின் மேசைக்கு நடந்தாள். அவருக்குக் கீழ்மாடிப் பிள்ளைகள் வைத்த பெயர் கடிகாரம். யார் எத்தனை நிமிஷம் பாத்ரூமில் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளையும் கூடுதல் வேலை என்று அவரே எடுத்துக்கொண்டார். புதன்கிழமை அவர் பொறுமையாகச் சொன்னது: இந்த வருஷத்து லீவு தீர்ந்துபோய்விட்டது, இன்னும் ஒரு நாள் வராமல் போனால் உங்கள் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன், எனக்கும் வருத்தம்தான். அவர் குரலில் புன்னகை இருந்தது. அவள் மனசுக்குள் டிக் போட்டுவிட்டு வந்தாள்.

புதன்கிழமை அந்த நாற்காலி போனால் போகட்டும் என்று ஒரு நிமிஷமாவது நினைக்க முடிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், மாவுச் சாக்கின் முன்னால் நின்றபோது, அந்த ஒரு நிமிஷமும் இல்லை. வீட்டில் வேலை இருப்பது இப்போது அவள் ஒருத்திக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை, லாக்கரில் ஃபோனை வைப்பதற்கு முன், அலுவலக வாசலிலேயே நின்று பட்டறைக்கு அடித்தாள். தலை உடைந்துவிட்டது, இன்னொன்று செய்துவிடுவேன், ஆனால் சுட முடியாது என்று சொன்னாள்.

"சுடாம கொண்டு வாம்மா. சுடுறது என் வேலை. எனக்குக் கையைப் பாக்கணும், அவ்வளவுதான். நாளைக்கு அஞ்சுக்குள்ள வந்துடு."

அப்படியானால் அந்தக் கிழவரையும் சுடாமலே கொண்டுபோயிருக்கலாம். ஒரு வார்த்தை முன்னாலேயே கேட்டிருந்தால் போதும். சனிக்கிழமை எனக்கு ஆறு மணி வரை வேலை, என் கணவர்தான் கொண்டுவருவார் என்பதை அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அதுவும் இல்லை என்று ஆகிவிடுமோ என்ற பயம். சரிங்கம்மா என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும், சாப்பாட்டு மேசையைக் கூடத்தின் நடுவில் இழுத்துப் போட்டாள். வாஷ்பேசினுக்கு அடியில் கடைசியாக ஒரு மூட்டை களிமண் இருந்தது. கோணிய கம்பியைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தினாள். கணவனை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

"என் மூஞ்சியா? வேற நல்ல மூஞ்சி கிடைக்கலையா?"

"எதிர்ல உக்காந்திருக்கிறது இதுதான். ஆடாதீங்க."

"நான் வேணா உக்காரட்டுமா" என்று அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "எனக்கு ஆடவே வராது. முழங்கால் விடாது."

அவள் கை அதற்குள் வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கழுத்து, தாடை, கன்னத்து எலும்பு. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த முகத்தை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. கண்ணோரச் சுருக்கங்களில் மாவு போகாமல் படிந்திருந்தது, தோலின் நிறமே அப்படி என்பது போல. இடது புருவத்தில் பாதி கருகியிருந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

"இது எப்ப?"

"கதவைத் திறந்தேன்ல."

"மருந்து போட்டீங்களா?"

"நீ கேக்கலை. அதனால போடலை" என்றான். பிறகு, சும்மா சொன்னேன், அக்கா போட்டுவிட்டாள் என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து அவனே ஆரம்பித்தான். நீ செய்கிறதைப் பற்றி நான் கேட்டதே இல்லை என்று நினைக்காதே, கேட்டேன், ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்கிறேன் என்றாய், நானும் சரி, களைப்பு என்று விட்டுவிட்டேன் என்றான். குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. ரொட்டி ஏன் உப்பவில்லை என்று முதலாளிக்கு விளக்குகிற குரல். அவள் கட்டைவிரலால் அவனுடைய கீழுதட்டைக் களிமண்ணில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இப்பச் சொல்றேன். கேக்குறீங்களா?"

"சொல்லு."

ஏழு மாதத்தில் சொல்லாததை எல்லாம் சொன்னாள். களிமண்ணில் காற்றுக் குமிழி எங்கே ஒளிந்திருக்கும் என்று. ஈரம் வெளியிலிருந்து உள்ளே எப்படி இறங்கும் என்று. கிழவரின் பெருமூச்சைப் பற்றி. அந்த மேசை கிடைத்தால் முதலில் எதைச் செய்வாள் என்று. சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் அவன் தூங்கிவிட்டிருந்தான். விடியுமுன் எழுகிற தொழில்காரன், எட்டு மணிக்கு மேல் கண் நிற்காது. தாடை தளர்ந்து, கழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் அப்படியே அதைச் செய்தாள்.

காலையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. எட்டரைக்கு அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்றபோது, அக்கா அறையிலிருந்து வந்து வெகுநேரம் பார்த்தாள். "இவன் எப்பவுமே இப்படித்தான், யாரோ அடிக்கப் போறாங்கன்னு தெரிஞ்சு உக்காந்திருக்கிற மாதிரி" என்றாள். பிறகு தன் பெட்டியிலிருந்து நல்ல பருத்தித் துண்டு ஒன்றை எடுத்து வந்து, அதை நனைத்துப் போர்த்தச் சொன்னாள்.

புறப்படுவதற்கு முன் அவள் கணவனுக்குப் பாடம் எடுத்தாள். மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மடியிலேயே வைத்திருக்க வேண்டும். துணி காயக் கூடாது, சொட்டவும் கூடாது.

"தொட்டா ஈரம் தெரியணும், கையில தண்ணி ஒட்டக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"மாவு மாதிரியே" என்றான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை மேல்மாடியில் மூன்று பேர்தான். பக்கத்து நாற்காலிக்காரருக்கு லீவு கிடைத்திருந்தது. மச்சினன் கல்யாணம். அவருடைய பங்கையும் சேர்த்து முதலில் முடித்துவிடுங்கள், மாதக் கடைசி, உங்களுடைய எண் இல்லாதவை எங்கே ஓடிவிடப் போகின்றன, அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் கடிகாரம். அவள் கேட்டாள். டிக் போட்டாள். ராத்திரி சரியாகத் தூங்காததால் ஒரே அழைப்பை இரண்டு முறை ஓட்ட வேண்டியிருந்தது. மூன்று மணி ஆனபோது, இப்போது போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைத்தாள். நான்கு மணி ஆனபோது, அந்த அம்மா பார்த்திருப்பார் என்று நினைத்தாள். ஐந்து அடித்தபோது நகத்துக்குள் இருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டாள். யாரோ எதையோ முடிவு செய்திருப்பார்கள். இன்னும் ஒரு மணி நேரத்தில் லாக்கரைத் திறந்தால் தெரிந்துவிடும்.

ஐந்தே முக்காலுக்குத்தான் தன்னுடைய வரிசையைத் திறந்தாள். முதலில் கிழவர் வந்தார். இருக்கீங்களா என்றார். இரண்டாவதைத் திறந்தபோது, திரையில் தெரிந்த தொலைபேசி எண்ணை அவள் விரல் அடையாளம் கண்டுகொண்டது, கண்ணுக்கு முந்தியே. பதிவு நேரம் மூன்று மணி ஐந்து நிமிஷம்.

கீழ்மாடியில் மூன்றாம் மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் குரல் வணக்கம் சொன்னது. எண் கேட்டது.

"எண் இல்லம்மா. சொல்லக் கூடாது. சொன்னா அவ காதுக்குப் போகாது. நீ உன் வேலையைப் பாரு, மூணு தடவை கேளு. நான் அதுக்குள்ள சொல்லிக்கிறேன்... இங்க வந்துட்டேன், கேக்குதா? பஸ்ல கண்டக்டர் ரெண்டு டிக்கெட் எடுன்னு சொல்லிச் சிரிச்சான். அந்தம்மா பாத்தாங்க. தலையைச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க, அப்புறம் என்னைப் பாத்தாங்க. இந்தக் கை வேணும்னு சொன்னாங்க. அப்படியேதான் சொன்னாங்க. ஆனா செஞ்சவங்களே வந்து, அவங்க முன்னாடி வெட்டிக் குடையணுமாம். அஞ்சு மணிக்குள்ள. ஒரு மணி நேரத்துல இது உன் காதுக்கு வந்துடும்ல. உடனே கிளம்பு. நாற்காலி போனா போகுது, நான் ரெண்டு வேலை பாக்குறேன்."

வருந்துகிறோம் ஐயா என்றது மூன்றாம் மேசை.

இரண்டாவது அழைப்பு நான்கு இருபதுக்கு. எடுத்தது வேறு ஓர் ஆள், பழைய ஆள், சுத்தமான குரல். தன் மனைவி அங்கேதான் வேலை செய்கிறாள் என்று கணவன் சொல்ல, ஊழியர்களைப் பற்றிய தகவல் தர இயலாது என்று அவர் சொன்னார். மூன்று முறை எண் கேட்டார். நடுவில் கணவன் சொன்னது இவ்வளவுதான்: கிளம்பிட்டியா, கிளம்பியிருந்தா இதைக் கேக்க மாட்ட, கேக்காம இருந்தா நல்லது. பதினெட்டில் பதினேழு டிக் விழுகிற அழைப்பு அது.

அவளுடைய கை மூன்றாவதைத் திறந்தது. ஐந்து பன்னிரண்டு. தெருச் சத்தம். மறுபடியும் மூன்றாம் மேசைப் பெண். இந்த முறை அவள் எண் கேட்கவில்லை. மெதுவாக, ஏதோ திருடுகிறவள் மாதிரி, நான் மேலே போய்ச் சொல்லட்டுமா ஐயா என்று கேட்டாள்.

"வேணாம்மா. உன் வேலை போயிடும். அவளே கேப்பா."

ஒரு வண்டி கடந்துபோனது. அவன் தொண்டையைச் செருமினான். பதிவில் இன்னும் இருபத்திரண்டு வினாடி பாக்கி இருந்தது. திரையின் ஓரத்தில் பதினெட்டுக் கட்டமும் காலியாக நின்றன. தூரத்தில் கடிகாரம் யாரிடமோ இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையாலும் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கதவைப் பூட்டிட்டாங்க. நான் வாசப்படியிலதான் உக்காந்திருக்கேன், தலை மடியில இருக்கு. வெட்டணும்னா கொஞ்சம் இறுகட்டும்னு அந்தம்மா சொன்னாங்க, காயக் கூடாதுன்னு நீ சொன்ன. துணி காஞ்சுக்கிட்டே வருது. உன்னைக் கேக்காம செய்ய மாட்டேன்... நனைக்கட்டுமா, வேண்டாமா?"